வேட்டை வம்சக் குட்டை நாய்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன்

பெங்களூரில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம் ஜாக் ரஸ்ஸல் டெரியர், டாஷண்ட், பீகிள் ஆகிய இனங்களைப் பற்றிக் கேட்பவர்களின் கேள்வி அண்மைக் காலமாக மாறியிருக்கிறது. முன்பெல்லாம் குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, முடி கொட்டுமா என்று கேட்டார்கள். இப்போது, ‘ஷோ லைன் வேண்டாம் டாக்டர், ஒர்க்கிங் லைன்தான் வேண்டும், இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ இறக்கித் தர ஆள் இருக்கிறார்’ என்று தொடங்குகிறார்கள். ஷோ லைன் என்றால் கண்காட்சிக்காக வளர்க்கப்படும் வம்சம், ஒர்க்கிங் லைன் என்றால் வேட்டை வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் வம்சம். கேட்பவர்களில் அல்சூர், ஃபிரேசர் டவுன் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களும், குடகில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையினருக்குப் பெரும்பாலும் காட்டுப்பன்றித் தொல்லை. சிலருக்கு முயல் மீது ஆசை.

அந்த ஆசையைத்தான் முதலில் பேசியாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பது துப்பாக்கியால் சுடுவது மட்டுமன்று. துரத்துவது, விரட்டி ஓட்டுவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்தும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் உள்ள விலங்கை உங்கள் நாய் உங்கள் ஏவலின்பேரில் துரத்தினாலே போதும், அது பிடிபடாமல் தப்பியோடிவிட்டாலும் குற்றம் குற்றம்தான். முயலும் காட்டுப்பன்றியும் கீரியும் ‘நம் நிலத்துக்குள் வந்தவை’ என்பதால் விதிவிலக்கு ஆகிவிடுவதில்லை. பயிர்ச்சேதத்துக்கு ஆளானவர்கள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடமோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமோ எழுத்துமூல அனுமதி பெறுவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியில் நாயை ஏவிவிடுவது தோட்டக்காரர் தாமாக எடுக்கக்கூடிய முடிவன்று. மேலும், ஆறு கிலோ எடையுள்ள டெரியரைத் தந்தம் வைத்த ஆண் பன்றியின் முன் விடுவது எந்த நாட்டு வேட்டைக்காரரும் மெச்சக்கூடிய செயலும் அன்று. வயிறு கிழிந்த நாயைத் தைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிலைக்கு அதைக் கொண்டுவராமல் இருப்பதே முறை.

இங்கிலாந்திலேயே 2004இல் இயற்றப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வேட்டைச் சட்டம், நாய்களை வைத்து நரியையும் முயலையும் துரத்திக் கொல்வதைப் பெரிதும் தடுத்துவிட்டது. சில கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வளைக்குள் ஒரே ஒரு டெரியரை அனுப்புவது போன்ற சில விலக்குகளே மிஞ்சியிருக்கின்றன. ஆகவே ‘அங்கே இன்னமும் தினமும் வேட்டைக்குப் போகும் நாயின் குட்டி’ என்று விற்பவர் சொல்லும்போது, எந்த வேட்டை, எந்த அனுமதியின் கீழ் என்று கேட்பதில் தவறில்லை.

இனி, ஒர்க்கிங் லைன் என்பதன் பொருளைப் பார்க்கலாம். டெவன்ஷயர் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் 1819இல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே வாங்கிய டிரம்ப் என்ற பெண் நாயிலிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படும் டெரியர் வம்சத்தின் நோக்கம், வேட்டைநாய்க் கூட்டத்தோடு ஓடி வந்து, நரி வளைக்குள் புகுந்ததும் தானும் உள்ளே நுழைந்து, அதைக் கடித்துக் கொல்லாமல் விடாது குரைத்து வெளியேற்றுவது. இதற்காகத்தான் அதன் மார்பு சிறியதாக இருக்க வேண்டும் என்றார்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பது இன்றும் நாய்க் கண்காட்சி நடுவர்களின் வழக்கம். சர்வதேச நாய்வளர்ப்புக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. வகுத்த தரத்தில் ஜாக் ரஸ்ஸலின் உயரம் 25 முதல் 30 செ.மீ., மார்புச் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ., ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்துக்கும் 1 கிலோ எடை. டாஷண்டையும் ஜெர்மானியர்கள் உயரத்தால் அல்லாமல் மார்புச் சுற்றளவாலேயே மூன்று அளவுகளாகப் பிரிக்கிறார்கள். பீகிளின் கதை வேறு: அது வளைக்குள் போகும் நாயன்று, கூட்டமாக மோப்பம் பிடித்து, கால்நடையாக வரும் வேட்டைக்காரருக்கு முன்னால் குரலெழுப்பிக்கொண்டே முயலைத் தொடர்வது.

இந்தக் குணங்கள் வீட்டுக்குள் வந்தால் எப்படி வெளிப்படும் என்பதை வாங்குபவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வளைக்குள் தனியாக, உரிமையாளரின் குரல் எட்டாத இருட்டில், தானே முடிவெடுக்க வேண்டிய நாயாக நூறு ஆண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம், அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாவது மாடியிலும் அப்படியே முடிவெடுக்கும்: சோபாவைத் தோண்டும், பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தும், கூப்பிட்டால் வராது. பீகிளின் நெடுங்குரலைப் பற்றிக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து புகார் வந்தபின் என்னிடம் வந்து, குரல்நாண் அறுவை செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. நகரத்தில் இருப்பவர் இந்த இனங்களை விரும்பினால், வேட்டைக்கூர்மை அதிகமான வம்சத்தைத் தேடிப் போகாமல், சில தலைமுறைகளாக வீட்டு வாழ்க்கைக்குப் பழகிய, தாய்நாயை நேரில் பார்க்கக்கூடிய உள்ளூர்க் குட்டியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. பதிவு பெற்ற வளர்ப்பாளர் எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கைமாற்றக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் கூறுகின்றன; அதைக்கூடப் பின்பற்றாதவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

எங்கிருந்து வாங்கினாலும், பெற்றோர் நாய்களின் மரபணுச் சோதனை முடிவுகளை எழுத்தில் கேளுங்கள். சாம்பியன் பட்டங்கள் இரண்டாம் பட்சம். ஜாக் ரஸ்ஸலிலும் வேறு பல டெரியர் இனங்களிலும் கண்வில்லை தன் இடத்திலிருந்து நழுவும் பரம்பரை நோய் உண்டு, ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.17 என்ற மரபணுவில் உள்ள அந்தக் கோளாற்றைக் கன்ன உட்புறத் துடைப்பிலேயே கண்டறிந்துவிடலாம். நடை தள்ளாடும் அட்டாக்ஸியா நோய்களுக்கும் தனிச் சோதனைகள் உள்ளன. உடல் பெரும்பகுதியும் வெள்ளையாக உள்ள குட்டிகளில் பிறவிக் காது கேளாமை இருக்கலாம் என்பதால், பேயர் எனப்படும் செவித்திறன் சோதனைச் சான்று கேட்பது நல்லது. பீகிளில் தோலும் மூட்டுகளும் இறுகும் மஸ்லாடின்–லூக்கே நோய்க்கும் இரத்தம் உறைதலின் ஏழாம் காரணிக் குறைபாட்டுக்கும் சோதனை உண்டு.

டாஷண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதிகம் பார்க்கும் துயரம் அதுவே. குட்டைக் கால்களைத் தரும் அதே மரபணு மாற்றங்களின் விளைவாக முதுகெலும்புத் தட்டுகள் (டிஸ்க்) இளம் வயதிலேயே சுண்ணாம்பு படிந்து இறுகுகின்றன. ஏறத்தாழ ஐந்தில் ஒரு டாஷண்டு வாழ்நாளில் தட்டு பிதுங்கலுக்கு ஆளாகிறது, பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வயதுக்குள். காலையில் நன்றாக நடந்த நாய் மாலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும். டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து போன்ற நாடுகளில் இனப்பெருக்கத்துக்கு விடும் நாய்களை 24 முதல் 48 மாத வயதுக்குள் எக்ஸ்ரே எடுத்துச் சுண்ணாம்பேறிய தட்டுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். வெளிநாட்டு டாஷண்டுக்குப் பெருந்தொகை கொடுப்பவர் கேட்க வேண்டிய முதல் தாள், பெற்றோர் இருவரின் இந்த எக்ஸ்ரே மதிப்பெண்தான். அது இல்லை என்றால் விமானக் கட்டணம் கொடுத்து வரவழைப்பதில் பொருளில்லை.

இறக்குமதியைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டிலிருந்து வணிகத்துக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் நாய்களைக் கொண்டுவருவதை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் கட்டுப்படுத்தியிருக்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புபவர் தம் வளர்ப்பு நாய்களை, அதிகபட்சம் இரண்டை, பயணப்பொதியோடு கொண்டுவரலாம். இந்த வழியைத்தான் சில தரகர்கள் வளைக்கிறார்கள்: முன்பின் தெரியாத ஒரு பயணியின் பெயரில் நாயை அனுப்பி, இங்கே கைமாற்றுகிறார்கள். அகப்பட்டால் நாயும் போகும், பணமும் போகும், ஆவணத்தில் பொய் சொன்னவர் நீங்கள் என்றே எழுதப்படும்.

முறைப்படி வருபவருக்குத் தேவையானவை: விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புச் சேவை நிலையத்திடமிருந்து பயணத்துக்கு முன்பே பெற்ற தடையின்மைச் சான்று, புறப்படும் நாட்டின் அரசுக் கால்நடை மருத்துவர் அளித்த உடல்நலச் சான்று, ரேபிஸ் தடுப்பூசிப் பதிவு, 15 இலக்க மைக்ரோசிப். விமானம் இறங்கும் ஊரும் அத்தகைய நிலையம் உள்ளதாக இருக்க வேண்டும், பெங்களூரில் இருக்கிறது. தாள்கள் சரியில்லை என்றால் நாய் தனிமைப்படுத்தப்படும்.

போலி ‘இம்போர்ட்’ விளம்பரத்தை அடையாளம் காண ஓர் எளிய கணக்கு உண்டு. ரேபிஸ் தடுப்பூசி வழக்கமாகப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகே போடப்படுகிறது. போட்டபின் குறைந்தது முப்பது நாள் கழிய வேண்டும். ஆக, முறையாக வரும் குட்டிக்கு இங்கே இறங்கும்போது ஏறத்தாழ நான்கு மாதம் ஆகியிருக்கும். எட்டு வாரக் குட்டியைக் காட்டி ‘போன வாரம்தான் லண்டனிலிருந்து வந்தது’ என்பவரிடம் மைக்ரோசிப் எண்ணையும் தடையின்மைச் சான்றையும் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். வால் வெட்டப்பட்ட டெரியர் குட்டியையும் வாங்காதீர்கள். அழகுக்காக உறுப்பைச் சிதைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வந்திறங்கிய நாய்க்கு இங்கே காத்திருக்கும் முதல் பகை உண்ணி. குளிர்நாட்டில் வளர்ந்த நாய்க்கு உண்ணி பரப்பும் நம் ஊர் பேபிசியா, எர்லிக்கியா கிருமிகளோடு பழக்கமே கிடையாது. உண்ணித் தடுப்பு மருந்தைப் புறப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல், ஈறு வெளிறுதல், சிறுநீர் காப்பி நிறத்தில் போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

டெரியருக்கு இந்நாட்டில் சட்டப்படி கொடுக்கக்கூடிய வேட்டை ஒன்று உண்டென்றால் அது கிடங்கு எலி. அரிசி மண்டியிலும் கோழிப்பண்ணைத் தீவனக் கிடங்கிலும் அது வியக்கத்தக்க வேகத்தில் வேலை செய்யும். கவ்விய நொடியில் உதறிக் கொன்றுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆனால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போடாமல் அந்த வேலைக்கு விடக் கூடாது. அந்த நோய் நாயின் சிறுநீர் வழியாக வீட்டிலுள்ளவர்களுக்கும் வரும். கிடங்கில் பாம்பு நடமாட்டம் இருந்தாலும் விடக் கூடாது. நாகமும் கண்ணாடிவிரியனும் எதிரே நின்றால் டெரியர் பின்வாங்காது. எலி மருந்து வைத்த கிடங்கில் மருந்தையும் செத்த எலிகளையும் முழுக்க அகற்றும்வரை நாயைச் சேர்க்காதீர்கள். புரோமடயலோன் வகை மருந்து உள்ளே போனால் மூன்று நான்கு நாள் கழித்தே இரத்தக்கசிவு தெரியும். அதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக உண்டு, பல வாரம் கொடுக்க வேண்டும். இன்னொரு எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடு சில மணி நேரத்துக்குள் தாக்கும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. எது உள்ளே போயிருந்தாலும் வீட்டில் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க முயலாமல், மருந்துப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.