பரிணாமமா, கூர்ப்பா? ஒரு சொல்லின் வழி

தமிழ்நாட்டுப் பாடநூலில் 'பரிணாமம்'. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் 'கூர்ப்பு'. சில கலைச்சொல் தொகுப்புகளில் 'படிமலர்ச்சி', 'படிவளர்ச்சி'. பழைய தமிழறிஞர்களில் 'கூர்தலறம்' என்று எழுதியவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் எவலூஷன் என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் இத்தனை. இதில் எது சரி என்று பார்க்கப் போனால், இந்த அறிவியலுக்கும் கடவுள் நம்பிக்கைக்கும் இடையிலான குழப்பத்தில் பாதி, சொல்லுக்குள்ளேயே இருப்பது தெரிகிறது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பரிணாமம் வேறு, பரிமாணம் வேறு. பரிமாணம் என்றால் அளவு. முப்பரிமாணம் என்கிறோமே, அது. செய்தித்தாள்களில்கூட இரண்டும் இடம் மாறிவிடுகின்றன.

பரிணாமம் வடசொல். 'நம்' என்ற வேருக்கு வளைதல், பணிதல் என்று பொருள். நமஸ்காரத்தில் இருப்பதும் இதே வேர்தான். 'பரி' சேர்ந்ததும் ஒன்று திரிந்து இன்னொன்றாக ஆவதைக் குறிக்கிறது. முதிர்வது, பழுப்பது, செரிப்பது எல்லாம் பரிணாமமே. ஆனால் இந்தச் சொல் புகழ்பெற்றது உயிரியலில் அல்ல, தத்துவத்தில். பால் தயிராவதுபோல மூலப் பிரகிருதியிலிருந்து, அதாவது ஆதி இயற்கைப் பொருளிலிருந்து, உலகம் விரிந்தது என்று சாங்கியர் என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவினர் சொன்னது பரிணாமவாதம். கயிறு பாம்பாகத் தெரிவதுபோல உலகம் வெறும் தோற்றம் என்பது அதற்கு எதிரான விவர்த்தவாதம். சாங்கியரின் வாதத்துக்கு அடியில் ஒரு கொள்கை உண்டு: விளைவு காரணத்துக்குள் ஏற்கெனவே அடங்கி இருக்கிறது, தயிர் பாலுக்குள் இருப்பதுபோல.

இனி லத்தீன் பக்கம். எவலூஷன் என்ற சொல்லின் மூலப்பொருள், சுருட்டி வைத்த ஏட்டைப் பிரிப்பது. எழுதியது உள்ளே இருக்கிறது, பிரித்தால் தெரியும். 18ஆம் நூற்றாண்டு உயிரியலாளர்கள் இதைக் கருவளர்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். கருவுக்குள் முழு உடலும் சிறு உருவில் முன்கூட்டியே இருக்கிறது, அது விரிகிறது என்பது அவர்கள் எண்ணம்.

ஆக, லத்தீனும் வடமொழியும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன. உள்ளே மடிந்திருந்தது வெளியே விரிகிறது. டார்வின் சொல்லாதது இதுதான்! 1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் நூலின் முதல் பதிப்பில் எவலூஷன் என்ற பெயர்ச்சொல் இல்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. அவர் சொல்லி வந்தது 'மாற்றத்தோடு வழிவழி வருதல்' என்ற பொருள்படும் தொடர். 1872இன் ஆறாம் பதிப்பில்தான், ஊரெல்லாம் வழங்கிய சொல்லை அவரும் எடுத்துக்கொண்டார். முன்பே எழுதிய ஏடு எதுவும் அவருடைய கொள்கையில் கிடையாது. ஒரே இனத்துக்குள் உயிர்கள் சிறிது சிறிது வேறுபடுகின்றன. அந்தந்தச் சூழலில் பிழைத்து அதிகப் பிள்ளை பெறுபவற்றின் இயல்புகள் அடுத்த தலைமுறையில் பெருகுகின்றன. பல லட்சம் தலைமுறைகளில் இனமே வேறாகிவிடுகிறது.

'படிமலர்ச்சி' அழகான சொல்தான். ஆனால் மொட்டுக்குள் பூ முன்பே இருக்கிறது. அதே பழைய படம். 'படிவளர்ச்சி'யில் ஏணி வந்துவிடுகிறது. இருட்டுக் குகை மீன்கள் பார்வையை இழந்தன, நாடாப்புழு குடலையே இழந்தது. அவை எந்தப் படியில் ஏறின? 'பரிணாம வளர்ச்சி' என்று எழுதும்போதும் இதே பிழைதான் நேர்கிறது.

இப்போது கூர்ப்பு. இதைப் பாடநூலுக்காகப் புதிதாக உருட்டிய சொல் என்று நினைத்திருந்தேன். தொல்காப்பியத்தில் உரிச்சொற்களின் பொருள் சொல்லும் உரியியலில் பார்த்ததும் அசந்துபோனேன்: 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்.' இருப்பது மிகுவதைக் குறிக்கும் சொல் கூர்ப்பு. நன்னூலின் 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்' பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே வரும் கூரும் மிகுதியே. 'அன்புகூர்ந்து' என்று கடிதத்தில் எழுதுகிறோமே, அதுவும் இதே கூர்தான். சிறத்தல் என்றால் மேம்படுதல் என்று எடுக்க வேண்டியதில்லை. சிறுபாணாற்றுப்படையில் 'துனிகூர் எவ்வம்' வருகிறது; துன்பமும் கூரும்.

காசநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள். அவற்றில் மிகச் சில, மரபணுவில் தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால் ரிஃபாம்பிசின் மருந்துக்குப் பணியாதவை. மருந்தைத் தனியாகக் கொடுத்தாலோ பாதியில் நிறுத்தினாலோ மற்றவை சாகும், இந்தச் சில பெருகும். ஒரு கிருமியும் முயன்று உருமாறவில்லை. முன்பே இருந்த சிறுபான்மை மிகுந்தது, அவ்வளவுதான். உள்ளது சிறக்கும்! காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

சரி, இது உண்மையா? உண்மை. 'வெறும் கோட்பாடுதானே' என்பவர்களுக்கும் சொல்லிலேயே விடை உண்டு. சோதிக்கும் முன் ஊகமாக வைப்பது கருதுகோள். சான்றுகள் பலவற்றைச் சேர்த்து விளக்குவது கோட்பாடு. நோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பதும் கோட்பாடுதான். மனிதக் குரங்குகளுக்கு 24 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. குறைந்த ஒன்று எங்கே? நம் இரண்டாம் குரோமோசோமில், இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட தழும்போடு அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சான்று வேண்டுமானால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகலாம். 2003இல் இடுக்கிப் பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளைக்கு மிக நெருங்கிய உறவு, ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் சீசெல்சுத் தீவுகளில் இருக்கிறது. தவளை கடலை நீந்திக் கடக்காது. ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த நிலமும் நம் நிலமும் ஒன்றாக இருந்தன. அந்தத் தவளையின் இன்னொரு இனம் 2017இல் திருவில்லிபுத்தூர்க் காட்டிலிருந்து அறிவிக்கப்பட்டது.

2018இல் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாவதை யாரும் கண்டதில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். இன்றைய குரங்கு மனிதனாகும் என்று டார்வினும் சொல்லவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை இருந்தது என்பதே கொள்கை. சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, ஒன்றுவிட்ட உறவு.

சமயத்தோடு மோதல் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உலகம் ஆறு நாளில், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உண்டானது என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், புவியின் 454 கோடி ஆண்டு வயதோடு அது ஒத்துப்போகாது. ஆனால் கடவுள் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு வாசிப்பில் தொங்கவில்லை. ஒருவர் தீவிர இறைநம்பிக்கையாளராகவும் இந்தக் கொள்கையை ஏற்பவராகவும் இருக்க முடியும், அதை ஐயுறுவது அபத்தம் என்று டார்வினே 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இது கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் சொன்னவர் போப் இரண்டாம் ஜான் பால். கூர்ப்பின் ஒளியில் அல்லாமல் உயிரியலில் எதற்கும் பொருள் இல்லை என்று எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி, கிழக்கு மரபுவழித் திருச்சபையைச் (ஆர்த்தடாக்ஸ்) சேர்ந்த கிறித்தவர்.

நம் பக்கத்தில் மோதல் குறைவு, கலப்பு அதிகம். 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்ற சிவபுராண அடியைக் காட்டி, டார்வினுக்கு முன்பே மாணிக்கவாசகர் சொல்லிவிட்டார் என்பார்கள். எனக்கு மிகப் பிடித்த பாட்டு அது; அதனாலேயே இந்தப் பேச்சு வலிக்கிறது. வரிசையைப் பாருங்கள். பாம்புக்குப் பிறகு கல், மனிதருக்குப் பிறகு பேய். 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்' என்று ஓர் உயிர் களைத்து நின்று அழுகிறது. அந்தப் பாட்டில் பயணம் செய்யும் ஆள் ஒருவர் இருக்கிறார். கூர்ப்பில் அப்படி யாரும் இல்லை. மாறுவது கூட்டம், தலைமுறை தலைமுறையாக. பாட்டை உயிரியல் ஆக்கினால் அந்தக் களைப்பு, அந்தக் கெஞ்சல் எல்லாம் போய்விடும். தசாவதாரத்தின் மீன், ஆமை, பன்றி வரிசைக்கும் இதையேதான் சொல்வேன். பரிணாமம் என்ற தத்துவச் சொல்லையே உயிரியலுக்கும் வைத்துக்கொண்டதால் இந்தக் கலப்பு இன்னும் எளிதாகிவிட்டது என்பது என் எண்ணம்.

அதனால் என் கை கூர்ப்புக்கே போகிறது. சிக்கல் இல்லாமல் இல்லை. கூர் என்றதும் பலருக்குக் கத்திமுனைதான் நினைவுக்கு வரும். பிழைப்புக்கு உதவுகிறதா என்ற கணக்கே இல்லாமல் சில இயல்புகள் தற்செயலாகக் கூடுவதும் குறைவதுமான மரபணு நகர்வு போன்றவற்றை 'மிகுதி' முழுமையாகத் தொடுவதும் இல்லை. பரிணாமத்தை வழக்கிலிருந்து விரட்டவும் முடியாது, அதற்குத் தேவையும் இல்லை. எழுதுகிறவர்கள் பின்னால் 'வளர்ச்சி'யை மட்டும் ஒட்டாமல் இருந்தால் நல்லது. கூர்ப்பை வினையாக்குவதும் எளிது. 'நாற்கால் விலங்குகள் மீன்களிலிருந்து கூர்ப்படைந்தன' என்று ஈழத்து மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள்.