வீச்சுக்கோல்: மஸ்கி மீனுக்கு எத்தனை அடி?

"எட்டரை அடி வார்ப்புக் கம்பி" என்று ஒரு தமிழாக்கத்தில் பார்த்தேன். மீன்பிடிப்பு பற்றிய கட்டுரை அது. படிப்பவர் மனசில் என்ன வரும்? இரும்பு உருக்கி ஊற்றுகிற பட்டறையும், கான்கிரீட் போடுவதற்கு முன் கட்டுகிற முறுக்குக் கம்பியும்தான் வரும். எழுதியவர் சொல்ல நினைத்தது 'காஸ்டிங் ராட்' என்பதை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து வைத்ததால் இப்படி ஆகிவிட்டது. இத்தனைக்கும் இதற்கு நல்ல சொற்கள் நம்மிடம் இரண்டாயிரம் வருஷமாக இருக்கின்றன, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பொருள். நம்மூர்க் குளக்கரையில் பையன்கள் வைத்திருக்கும் தூண்டிலில் மூங்கில் குச்சியின் நுனியில் நரம்பைக் கட்டி, தக்கையும் முள்ளும் மாட்டி, மண்புழுவைக் கோத்து, தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். காஸ்டிங் ராட் அந்த வகை இல்லை. அதில் நரம்பு ஒரு ரீலில் சுற்றியிருக்கும், கோலின் மேல்பக்கம் வரிசையாக வைத்த வளையங்கள் வழியாக நுனிக்குப் போகும், நுனியில் கனமான ஒரு போலி இரை தொங்கும். கோலைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் விசுக்கினால், அந்த இரை தன் கனத்தாலேயே நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். பிறகு ரீலைச் சுற்றி இரையை உயிருள்ள மீன் போல நீந்த வைத்து இழுக்க வேண்டும். விழுந்தது, இழுத்தாச்சு, மறுபடி வீசு. நாள் முழுக்க இதேதான்.

'காஸ்ட்' ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் 'காஸ்டா' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, பொருள் எறிதல். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதற்கும், நாடகத்தில் வேஷம் ஒதுக்குவதற்கும், ஓட்டுப் போடுவதற்கும் அதே சொல்லை ஆங்கிலம் பின்னால் நீட்டிக்கொண்டது. தமிழ் அப்படிச் செய்யவில்லை. உலோகத்தை வார்க்கிறோம், கல்லை எறிகிறோம், வலையை வீசுகிறோம். எறிவதற்கும் வீசுவதற்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் இந்த இடத்தில் ரொம்ப முக்கியம். எறிந்தால் பொருள் கையை விட்டுப் போய்விடும். வீசும்போது கை ஒரு வளைவாகப் போய்வரும், பெரும்பாலும் பிடி கையிலேயே இருக்கும்: வாள் வீசுகிறோம், கைவீசி நடக்கிறோம், வலை வீசினாலும் அதன் கயிறு மணிக்கட்டில் இருக்கிறது. காஸ்டிங் என்பது அச்சு அசலாக இதுதான்.

'வீச்சு' என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. எட்டுகிற தூரம். குரலின் வீச்சு, பார்வையின் வீச்சு என்கிறோம், இயற்பியல் பாடத்தில் அலையின் வீச்சு என்று படித்திருக்கிறோம். வீச்சரிவாள் என்று சொல்லும்போதே அது சாதாரண அரிவாளை விட நீளம் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆக வீசுகிற செயலும் அது எட்டுகிற தூரமும் இந்த ஒரே சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன.

சரி, 'ராட்' எது? கம்பி, கம்பு, தடி, தண்டு, கழி, கோல் என்று வரிசையாக இருக்கின்றன. கம்பி உலோகம், அதை விட்டுவிடலாம். தடி என்றால் அடிக்கிற ஞாபகம். சங்க காலத்தில் இதற்கு வழங்கிய சொல் 'கழை', அதாவது மூங்கில். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு மீன்பிடி காட்சியை வைத்திருக்கிறார்: பாண்மகன் தோளில் இறைச்சி போட்ட தோல்பை, கையில் 'நெடுங்கழைத் தூண்டில்', அதில் கட்டிய 'நாண்', நாணின் முனையில் 'கொடுவாய் இரும்பு'. பிளந்த வாயுள்ள வாளைமீன் ஒன்று இரையை மட்டும் கவ்விக்கொண்டு முள்ளை வெறுமையாக விட்டுத் தப்பிவிடுகிறது, அப்புறம் கரையோரப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடினால்கூட அதைத் தூண்டில் என்று நினைத்து மிரள்கிறது. கோல், நரம்பு, முள், இரை, ஏமாற்றிவிட்டுப் போன மீன், எல்லாம் அந்தச் சில அடிகளில் இருக்கின்றன. அங்கேயும் கோலைப் பற்றி முதலில் சொல்லப்படுவது அதன் நீளம். வெறும் கழை இல்லை, நெடுங்கழை.

கழை அழகான சொல்தான். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் உயர்ந்த தூண்டில்கள் மூங்கிலைப் பிளந்து ஒட்டித்தான் செய்யப்பட்டன. ஆனால் அங்கே மஸ்கி என்ற பெரிய மீனைப் பிடிக்கிற இன்றைய கோல் கார்பன் இழையிலோ கண்ணாடி இழையிலோ அல்லது இரண்டும் கலந்தோ செய்தது. மூங்கில் இல்லாததை மூங்கில் என்பானேன்? எதனால் செய்தது என்று சொல்லாத பொதுச்சொல் கோல்: எழுதுகோல், ஊன்றுகோல், செங்கோல், துலாக்கோல். எனவே பொதுவாகத் தூண்டிற்கோல், வீசும் வகைக்கு வீச்சுக்கோல். இதுதான் என் தேர்வு.

கோலை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் 'ராட்' ஒரு நீள அளவும்கூட. பதினாறரை அடி ஒரு ராட், 320 ராட் ஒரு மைல். தமிழிலும் கோல் அளவைதான். சோழர் கல்வெட்டுகளில் நிலம் அளந்த பதினாறு சாண் கோல் வருகிறது, இன்றும் பள்ளிப் பையில் அளவுகோல் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளிலும் குச்சிக்கான சொல் நீளத்துக்கான சொல்லாகவும் ஆகியிருக்கிறது. மஸ்கி பிடிப்பவர்கள் அதிகம் வாதாடுகிற விஷயமும் நீளம்தான்.

மஸ்கி என்பது மஸ்கலஞ்ச் என்ற மீனின் செல்லப்பெயர். அமெரிக்க–கனடிய எல்லையை ஒட்டிய பேரேரிப் பகுதி, மினசோட்டா, விஸ்கான்சின், செயின்ட் லாரன்ஸ் ஆறு, இதெல்லாம் அதன் ஊர். பெயர் அங்குள்ள பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் 'மாஷ்கினோஷே'விலிருந்து வந்தது. 'கினோஷே' என்றால் பைக் என்ற மீன் (மஸ்கியும் அந்த இனம்தான்), முன்னொட்டுக்குப் 'பெரிய' என்றும் 'அசிங்கமான' என்றும் இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காதில் அது 'நீண்ட முகமூடி' என்பதுபோல விழுந்தது, அந்த நீண்ட மூஞ்சியைப் பார்த்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இதற்குத் தமிழ்ப் பெயர் தேடவே கூடாது என்பது என் கட்சி. இந்த மீன் நம் நீர்நிலைகளில் இல்லை. வாளை என்றோ விரால் என்றோ எழுதினால் வேறொரு மீனைச் சொன்னதாகிவிடும். மஸ்கி என்றே எழுதலாம், நாக்குக்கும் எளிது.

1955இல் விஸ்கான்சின் மாநிலம் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. மினசோட்டாவில் 54 அங்குலம், அதாவது நாலரை அடி இல்லாத மஸ்கியைப் பொதுவாக வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. பிடிப்பவர்களில் பெரும்பாலோர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அங்கே இதை 'பத்தாயிரம் வீச்சின் மீன்' என்பார்கள். பாருங்கள், வீச்சு இங்கே எண்ணிக்கைக்கும் தானாகவே வந்து உட்காருகிறது: ஒரு வீச்சு, நூறு வீச்சு, பத்தாயிரம் வீச்சு. 'வார்ப்பு' என்று போட்டிருந்தால் இது நடக்காது.

இப்போது நீளத்துக்கு வருவோம். நாற்பது ஐம்பது வருஷம் முன்பு மஸ்கி கோல் ஐந்தரை, ஆறு அடிதான், பில்லியர்ட்ஸ் ஆடும் குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும். பிறகு ஏழு அடியானது. 2000களில் பெரிய இரட்டைத் தகடு சுழலும் இரைகள் பரவியபோது எட்டு, எட்டரை, ஒன்பது அடி சாதாரணமாகிவிட்டது. இப்போது பத்து அடிக் கோலும் கடையில் கிடைக்கிறது.

ஏன் இவ்வளவு நீளம்? நீளமான கோலின் நுனி அதே கைவீச்சில் அதிக வேகம் பெறும், இரை தூரம் போகும். மீன் கவ்வியதும் கோலைச் சட்டென்று இழுக்கும்போது அதிக நரம்பை இழுத்து முள்ளைப் பதிக்கும். ஆனால் உண்மையான காரணம் படகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மஸ்கி இரையைக் கண்டதும் பாய்ந்து கவ்விவிடாது. பின்னாலேயே வரும், படகு வரைக்கும் வரும், சட்டென்று பார்த்தால் தண்ணீருக்குள் ஒரு பெரிய நிழல் இரைக்கு ஒரு முழம் பின்னால் நின்றுகொண்டிருக்கும். அந்த நேரம் இரையை வெளியே தூக்கிவிட்டால் மீன் போய்விடும். அதனால் ஒன்றிரண்டு அடி நரம்பை மட்டும் வெளியே விட்டு, கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, இரையை நிறுத்தாமல் 8 வடிவத்தில் சுற்ற வேண்டும். லைசென்ஸுக்கு எட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும், வண்டி பெரிதாக இருந்தால் வளைவும் பெரிதாக வேண்டும். நாலடி மீன் குறுகலான வளைவில் திரும்ப முடியாமல் இரையைத் தொலைத்துவிடும். ஏழடிக் கோலால் படகோரம் போடுகிற எட்டையும் ஒன்பதடிக் கோலால் போடுகிற எட்டையும் நினைத்துப் பாருங்கள். இரண்டாவது அகலமாகவும் இருக்கும், ஆழமாகவும் போகும். அந்த வளைவின் வெளிப்பக்கத்தில்தான் பல மஸ்கிகள் வாயைத் திறக்கின்றன.

அதற்காக எல்லாருக்கும் ஒன்பது அடி என்று சொல்லிவிட முடியாது. நுனியைக் கீழ்நோக்கி வெட்டி வெட்டி இழுக்க வேண்டிய மரக்கட்டை இரைகளுக்கு நீளமான கோல் தொல்லை, ஒவ்வொரு வெட்டுக்கும் நுனி தண்ணீரில் அடிபடும். அதுவும் படகு தாழ்வாகவோ ஆள் குள்ளமாகவோ இருந்தால் சொல்லவே வேண்டாம். அதற்கு ஏழரை முதல் எட்டு அடி சரி. பத்தாம் எண் அளவுத் தகடு இரண்டு மாட்டிய இரை ஏறத்தாழ 80 கிராம் கனம், தண்ணீரில் இழுக்கும்போது முரண்டு பிடிக்கும், அதற்கு எட்டரை முதல் ஒன்பது அடி. அரைக் கிலோவை நெருங்குகிற ரப்பர் இரைகளும் இருக்கின்றன, அவற்றுக்கு ஒன்பது, ஒன்பதரை அடியும் அதற்கேற்ற முரட்டு வலுவும் வேண்டும். ஒரே ஒரு கோல்தான் வாங்கப் போகிறேன் என்றால் எட்டரை அடி என்பேன். நீளத்துக்கு ஒரு விலையும் உண்டு: நெம்புகோல் கணக்குப்படி, கோல் நீள நீள மீனின் பக்கம்தான் அனுகூலம் கூடும், நம் மணிக்கட்டும் முதுகும் அதைத் தாங்க வேண்டும்.

நீளம் என்றால் அடியிலிருந்து நுனி வரை, கைப்பிடியும் சேர்த்து. கோலின் கீழ்முனையும் அடி, அளக்கிற அளவும் அடி, எழுதும்போது குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முனையை 'அடிமுனை' என்று எழுதிவிடுகிறேன். கைப்பிடியின் கீழே ஆட்காட்டி விரலை மாட்டிக்கொள்ளத் துப்பாக்கி விசை மாதிரி ஒரு சின்ன நீட்டல் இருக்கும், 'விரற்கொக்கி' என்றால் பார்த்தவுடன் புரியும். ரீலை ரீல் என்றே விடலாம், தையல்காரர் முதல் எல்லாரும் சொல்கிற சொல்தானே.

இன்னும் இரண்டு சொற்களை நீளத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். 'பவர்' என்பது எவ்வளவு கனத்தைக் கோல் தாங்கும் என்பது, அதற்கு வலு. 'ஆக்‌ஷன்' என்பது அழுத்தும்போது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது, அதற்கு வளைவு. நுனியில் மட்டும் வளைந்தால் நுனிவளைவு, பாதிக்குமேல் வளைந்தால் நடுவளைவு. இதைச் 'செயல்' என்றும் 'நடவடிக்கை' என்றும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கோல் என்ன நடவடிக்கை எடுக்கும்?

ஒரு சிக்கலை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஸ்பின்னிங் ராட்' என்ற வகையும் வீசுவதுதான், ஆனால் அதில் ரீல் கோலுக்குக் கீழே தொங்கும். காஸ்டிங் ராடில் ரீல் மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் வீச்சுக்கோல் என்று மட்டும் சொன்னால் போதாது, மேல்ரீல் வீச்சுக்கோல், கீழ்ரீல் வீச்சுக்கோல் என்று பிரித்துவிடுங்கள். மஸ்கிக்கு மட்டும் என்றால் வெறும் வீச்சுக்கோலே போதும், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் மேல்ரீல்தான்.

ஆக, நான் முதலில் சொன்ன அந்த வரியை இப்படித் திருத்துவேன்: "மஸ்கிக்கு முதல் கோலாக எட்டரை அடி வீச்சுக்கோல் வாங்குங்கள், நல்ல வலு, நுனிவளைவு. காரில் கொண்டுபோக இடம் இல்லையென்றால் கைப்பிடிக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்கிற மாதிரி வருகிறதைப் பாருங்கள்."