கார்னெட்டின் விளிம்பில் பதிந்த காலம்

கொழும்பின் வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடல் அரித்துவிடாதபடி குவித்துள்ள கருங்கற்களை ஈரம் காயுமுன் உற்றுப் பார்த்தால், சிலவற்றில் மாதுளை முத்துப் போன்ற செம்புள்ளிகள் தெரியும். அவை கார்னெட் பளிங்குகள். இலங்கையின் பெரும்பகுதிப் பாறைகள் 60 கோடி ஆண்டுகளை ஒட்டிய காலத்தில், புவியோட்டின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறியவை. அவை எவ்வளவு காலம் எடுத்து ஆறின என்பதை இத்தகைய பளிங்கின் விளிம்பிலிருந்தே கணக்கிட முடியும்.

திண்மத்தினுள்ளும் அணுக்கள் நகர்கின்றன. பளிங்கின் அடுக்கில் ஆங்காங்கே உள்ள வெற்றிடங்களுக்கு அயல் அணு தாவ, அது விட்டுச்சென்ற இடத்துக்கு இன்னொன்று வருகிறது. பாறை ஆறும்போது, கருமைக்கா (பயோடைற்று) என்னும் கரிய கனிமத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கார்னெட் தன் மகனீசியத்தை அதற்குக் கொடுத்து இரும்பைப் பெறுகிறது. இந்த மாற்றம் விளிம்பில் தொடங்கி மெல்ல உள்ளே ஊர்கிறது. வெப்பம் தணியத் தணிய வேகம் குன்றி, ஓரிடத்தில் நின்றே போகிறது.

அதை அளக்க, பாறையை 0.03 மில்லிமீற்றர் தடிப்புள்ள சீவலாக்கி மெருகிட்டு, ஒரு மைக்ரோமீற்றர் அளவே அகலமான இலத்திரன் கற்றையை விளிம்பிலிருந்து மையம் நோக்கிப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எழும் எக்ஸ் கதிர், அங்குள்ள மூலகங்களின் அளவைச் சொல்கிறது. 1951 இல் பிரெஞ்சு பௌதிகவியலாளர் ரெமோன் கஸ்தேன் தமது ஆய்வேட்டில் விவரித்த கருவியின் வழிவந்ததே இந்த முறை.

இந்த அளவுகளை விளிம்பிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் வளைகோட்டின் அகலத்தில்தான் காலம் இருக்கிறது. அணுக்களின் இந்த நகர்வு, அதாவது பரவல், இரு மடங்கு தூரம் செல்ல நான்கு மடங்கு காலம் வேண்டும். ஆகவே சீவலை வெட்டும் கோணம் மிக முக்கியம்: விளிம்பைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்த்து வெட்டியதால் 50 மைக்ரோமீற்றர் அகலம் 100 ஆகத் தெரிந்தால், ஒரு கோடி ஆண்டு நான்கு கோடியாகிவிடும். வேறு எந்தப் பிழையையும்விட நான் இதற்கே அதிகம் அஞ்சுவேன்.

பரவலின் வேகத்தை ஆய்வுகூடத்தில் அளக்கிறார்கள். இரும்பு மிகுந்த கார்னெட்டையும் மகனீசியம் மிகுந்த கார்னெட்டையும் மெருகிட்டு ஒட்டவைத்து, உயர் அமுக்கத்தில் 1,000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, கலப்பு எவ்வளவு ஊர்ந்தது எனப் பார்க்கிறார்கள். அந்த அளவீட்டை இயற்கையின் தாழ்ந்த வெப்பநிலைகளுக்கு நீட்டிக் கணிக்கவேண்டும். ஏவற்சக்தி (அணு தாவுவதற்குக் கடக்கவேண்டிய சக்தித் தடை) மோலுக்கு 250 கிலோயூல் எனக் கொண்டால், 800 பாகையிலிருந்து 700 பாகைக்கு இறங்கும்போது பரவல் ஏறத்தாழ 18 மடங்கு மெதுவாகிறது. வெப்பநிலையில் நேரும் சிறு தவறும் காலத்தைப் பெரிதும் மாற்றிவிடும்.

கல்சியம் மகனீசியத்தைவிட மெதுவாகவே பரவும். ஆதலால் ஒரே பளிங்கில் இரண்டையும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். இரண்டும் ஒரே காலத்தைக் காட்டாதபோது, கணித்த வெப்பநிலையையும் வேகத்தையும் மீண்டும் சோதிக்கவேண்டியதாகிறது.