சூட்டோடு சூடாக ஒரு பட்டைத் தண்ணீர்

மெக்சிகோவின் வஹாக்கா மாநில மலைப்பகுதியில் சாண்டோ டொமிங்கோ டொனால்டெபெக் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள மிஸ்டெக் என்ற பூர்வகுடி மக்கள் கையால் வனையும் பானைகளின் மேல், யாரோ டிக்காஷனை விசிறியடித்ததுபோல் கருந்தீற்றல்கள் கிடக்கும். சேகரிப்பாளர்கள் மயங்குவது அந்தத் தீற்றல்களில்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்தக் கறைக்கு ஒரு வேலையும் உண்டு என்பது.

திறந்த நெருப்பில் சுடும் பானைக்குப் பெரும்பாலும் 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடு கிடைக்கும். களிமண்ணில் கட்டுண்ட நீர் வெளியேறி, இனிக் கரையாத ஓடாக அது மாற அந்தச் சூடு போதும். ஆனால் பீங்கானைப்போல உருகி இறுகுவதற்குச் சுமார் 1300 டிகிரி வேண்டும். அதனால் மண்பானையில் நுண்துளைகள் நிறைய மிஞ்சுகின்றன. தண்ணீர் மெல்லக் கசியும்.

அதற்கு இந்த ஊர் கண்ட வழி ஓக் மரப்பட்டை. பட்டையைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் டானின் இறங்கும். கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்கிறதே, அந்தத் துவர்ப்புதான் டானின். நெருப்பிலிருந்து எடுத்த பானையின்மேல், சூடு ஆறுவதற்குள் இந்தத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். நீர் சட்டென்று ஆவியாகிவிட, டானின் கருகித் துளைவாய்களில் படிகிறது. நிறைய விழுந்த இடம் கருமை, ஓரங்களில் பழுப்பு. கையின் வீச்சும் பானையின் சூடும் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒரு பானைபோல் இன்னொன்று அமையாது.

சரி, அவ்வளவு சூட்டில் நீர் பட்டால் பானை வெடிக்காதா? கண்ணாடியாக இருந்தால் நொறுங்கியிருக்கும். இங்கே அதே நுண்துளைகள்தான் காப்பாற்றுகின்றன. கிளம்பும் விரிசல் ஒரு துளையிலோ மண்ணில் கலந்த மணல் பருக்கையிலோ முட்டி நின்றுவிடுகிறது. கசிவுக்குக் காரணமான குறையே அடுப்பில் பானைக்குத் துணை என்பது எத்தனை அழகு!

ஸ்பானியர் வருவதற்கு முன்பே மிஸ்டெக் குயவர்கள் பல வண்ணச் சித்திரக் கலங்களுக்குப் பேர்போனவர்கள். 1962-இல் அதே வஹாக்காவின் சாச்சிலா என்ற ஊரில், ஒரு பழங்காலக் கல்லறையில் கிடைத்த கோப்பையின் விளிம்பில் குட்டி நீல ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அத்தகைய தொல்பொருட்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி மெக்சிகோ நாட்டின் சொத்து. வீட்டுக்கு வாங்க வேண்டியது இன்று வனைந்த பானையைத்தான். விரலால் தட்டிப் பாருங்கள்: பீங்கானைப்போல் கணீரென்று ஒலிக்காது, மந்தமாகத்தான் கேட்கும். அது விரிசலல்ல, குறைந்த சூட்டில் வெந்த மண்ணின் குரலே அப்படித்தான்.