பெறுமதி அல்ல, விழுமியம்

திருகோணமலையில் சமூக நீதிக்காக இயங்கும் அமைப்பொன்றின் பயிற்சி நாளில் தரப்பட்ட கையேட்டின் முதற்பக்கத்தில் ‘எமது பெண்நிலைவாதப் பெறுமதிகளைப் பிரயோகித்தல்’ என்றிருந்தது. இவ்வாண்டில் இத்தொடரை நான் காண்பது நான்காவது முறை.

இங்கே ‘பெறுமதி’ என்று பெயர்க்கப்பட்ட ஆங்கில ‘வேல்யூ’, வலிமையையும் தகுதியையும் குறித்த இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பொருளின் விலைமதிப்பையும் ஒருவர் உயர்வெனக் கொள்ளும் நெறியையும் அவ்வொரு சொல்லே சுமக்கிறது. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை.

பெறுமதி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை காணி உறுதி, காசோலை, 2024 ஜனவரி முதல் 18 வீதமாகிவிட்ட பெறுமதி சேர் வரி. அதனைக் கணிப்பவர் எப்போதும் வெளியே நிற்பவர். சந்தை ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். பெண் ஊழியரின் முறைப்பாட்டை யார் விசாரிப்பது, சம்பளத்தை யார் தீர்மானிப்பது, கூட்டத்தில் யாரைப் பேசி முடிக்க விடுவது என்பவற்றுக்கான நெறிக்கு இச்சொல்லைச் சூட்டினால், நிதி வழங்குநர் விரும்பும் வரை வைத்திருந்து பின்னர் இறக்கிவிடக்கூடிய சரக்காக அது ஒலிக்கிறது. பல இடங்களில் நடப்பது அதுதானே, ஆகவே சொல் பொருத்தமானதே என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். கேலிக்காக மொழிபெயர்ப்பதில்லை என்றேன். ‘பெறுமானம்’ என்று மாற்றுவதாலும் பயனில்லை. இடப்பெறுமானம் படித்த பிள்ளைக்கு அது கணிதப் பாடச் சொல். தமிழகத்தில் சிலர் எழுதும் ‘மதிப்பீடு’ இங்கே இன்னும் மோசமாகும்: ‘பெண்நிலைவாத மதிப்பீடு’ என்று சுற்றறிக்கை வந்தால், திட்ட ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றெண்ணிக் கள உத்தியோகத்தர் கோப்புகளைத் தேடத் தொடங்கிவிடுவார்.

உரிய சொல் விழுமியம். ‘விழு’ என்பதற்குச் சிறந்த என்று பொருள். தீவினைக்கு அஞ்சுபவரைக் குறள் ‘விழுமியார்’ என்கிறது. தொல்காப்பிய உரியியலோ ‘விழுமம்’ என்பதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை (துன்பம்) என மூன்று பொருள் தருகிறது. அந்த மூன்றாவது பொருளை நான் விட மாட்டேன். உரிமை பேசும் அமைப்புக்குள்ளேயே தன் மேலதிகாரி மீது முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே மேசையில் வந்து அமரும் பெண்ணுக்கு இம்மூன்றும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பெறுமதியில் அந்த இடும்பைக்கு இடமில்லை.

பெண்ணியமா பெண்நிலைவாதமா என்பதில் எனக்குப் பிணக்கில்லை. ஒரு நிலைப்பாடு என்பது வெளிப்படத் தெரிவதால் நம் பக்கத்து வழக்கையே விரும்புகிறேன். ‘பிரயோகித்தல்’ மட்டும் பொறுக்க முடியாதது. பலப்பிரயோகம், துஷ்பிரயோகம் என்று நாளிதழில் நாள்தோறும் படிக்கிறவர் காதில் அச்சொல் எப்படி விழும்? விழுமியத்தைக் கடைப்பிடிப்பார்கள், இறுதிவரை விடாமல் பற்றுவது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

குற்றம் முழுவதும் மொழிபெயர்ப்பாளருடையதன்று. வெள்ளி மாலை ஆங்கிலப் பிரதியைக் கொடுத்துத் திங்கள் காலை தமிழைக் கேட்டு, பக்கக் கணக்கில் கூலி கொடுத்தால், முந்தைய கையேட்டிலிருந்து வெட்டி ஒட்டத்தான் நேரமிருக்கும். ஆயினும் முந்தைய கையேட்டையும் யாரோ ஒருவர் தமிழில் யோசிக்காமல்தானே எழுதினார்?

அன்று என் பிரதியில் இரு சொற்களையும் அடித்துத் திருத்தி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தேன். அடுத்த பதிப்பில் மாற்றுவதாகச் சொல்லி, அதனைச் சுவரில் ஒட்டியிருந்த தேநீர் முறைப்பட்டியலுக்குப் பக்கத்தில் குத்தி வைத்தார். பட்டியலில் இருந்த ஐந்து பெயர்களும் பெண்களுடையவை.