சேவல் நட்சத்திரம் கொத்தும் ஊர்

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி எல்லையை ஒட்டிய கேரா பகுதியில் இருக்கிறது சேன்-வெரான் என்ற சிற்றூர். உயரம் ஏறக்குறைய 2,040 மீட்டர். ‘எங்கள் ஊரில் சேவல் நட்சத்திரத்தைக் கொத்தும்’ என்பது அங்கே வழங்கும் பேச்சு. மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் இந்த உயரத்தில், மின்சாரம் வருவதற்கு முன்பு மக்கள் குளிர்காலத்தை எப்படிக் கடந்தார்கள்?

முதல் விடை, ஊர் அமைந்திருக்கும் பக்கம். டிசம்பர் 21 வாக்கில் அங்கே நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 22 டிகிரிதான் ஏறும். வெயில் சரிந்து விழுவதால் பரவி மெலிந்துவிடும். நேராக விழும் வெயிலை 100 என்று வைத்துக்கொண்டால், சமதரைக்குக் கிடைப்பது 37. தரை தெற்கு பார்த்து 20 டிகிரி சரிந்திருந்தால் 67 கிடைக்கும். அதே சரிவு வடக்கு பார்த்திருந்தால் 4 கூடத் தேறாது! அதனால்தான் வீடுகளும் வயல்களும் தெற்குச் சரிவில் இருக்கின்றன, எதிர்ச் சரிவு காட்டுக்குப் போய்விட்டது. இந்த இரண்டு பக்கங்களுக்கும் அங்கே தனித்தனிப் பெயரே உண்டு: வெயில் பக்கம் ஆத்ரே, நிழல் பக்கம் உபாக். பள்ளத்தாக்கின் அடியில் குடியேறாததற்கு இன்னொரு காரணமும் சொல்லலாம். குளிர்ந்த காற்று கனமானது. தெளிந்த இரவுகளில் அது சரிவில் வழிந்து கீழே போய்த் தேங்கும்.

இரண்டாவது விடை வீட்டுக்குள் இருக்கிறது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். கீழே கல் கட்டு. மேலே லார்ச் மரத் தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பரண், அதில் கோடையில் அறுத்துக் காயவைத்த புல். குளிர்காலத்தில் குடும்பமும் மாடுகளும் கீழே ஒரே அறையில். ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தால் சுமார் 100 வாட் வெப்பம் விடுவார். ஒரு பசு அதைப்போலப் பல மடங்கு விடும். பெரிய கறவை மாடு என்றால் ஒரு கிலோவாட்டைத் தொடும். இரைப்பையில் புல் நொதிப்பதும் அந்தச் சூட்டில் சேர்த்தி. அப்புறம் மேலே இருக்கும் புல்: அதன் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்று, சூடு கூரை வழியே தப்பாமல் காக்கும். அதாவது, போர்வையே எரிபொருளும்கூட. மாடு தின்னத் தின்னப் போர்வை மெலியும். ஆனால் அது மெலிவதற்குள் வசந்தம் நெருங்கிவிடும்.

சுகமான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். மாட்டின் மூச்சு, சாணம், மூத்திரம் எல்லாம் சேர்ந்து அறை ஈரமும் நெடியுமாக இருந்திருக்கும். குழந்தைகள் பிறந்து வளர்ந்ததும் அந்த அறையில்தான்.

ரை தானியத்தை முந்தைய கோடையின் கடைசியிலேயே விதைத்துவிடுவார்கள். அப்படியும் சில ஆண்டுகளில் அது வயலில் முழுதாக முற்றாது. பரணை ஒட்டி நீளும் பால்கனிகள் அதற்காகத்தான். கூரை நிழலில் மழை படாமல், தெற்கு வெயில் பட்டுக் கதிர்க்கட்டுகள் அங்கே காய்ந்தன.

காய்ந்த புல்லும் பிசின் மரமும் நிறைந்த ஊருக்குப் பெரிய பயம் தீ. ஒரு பொறி போதும். அதனால் ஊரைத் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரித்து, நடுவில் யாரும் வீடு கட்டக்கூடாத வெற்றிடங்களை விட்டார்கள். மரத் தொட்டிகளில் எப்போதும் நீர் ஓடியது. அந்த இடைவெளிகளை இன்றும் பார்க்கலாம்.