கடிகாரம் இல்லாத ஆட்டம் எப்போது முடியும்?

1920 மே 1-ஆம் தேதி பாஸ்டனில் புரூக்ளின் ராபின்ஸ் அணியும் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியும் பேஸ்பால் ஆடின. ஆறாவது இன்னிங்ஸ் முடிவில் ஆளுக்கு ஒரு ரன். அதற்கப்புறம் இன்னும் 20 இன்னிங்ஸ் ஆடினார்கள், ஒரு ரன்கூட விழவில்லை. 26-வது இன்னிங்ஸ் முடிந்ததும் இருட்டிவிட்டது என்று அம்பயர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். 1-1, யாருக்கும் வெற்றியில்லை. இன்னிங்ஸ் கணக்கில், அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீக்கில் இதைவிட நீளமான ஆட்டம் இன்றுவரை நடந்ததில்லை. ஆன நேரம் 3 மணி 50 நிமிடம்.

2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய வேர்ல்ட் சீரிஸின் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. அதற்கு ஆன நேரம் 7 மணி 20 நிமிடம். எட்டு இன்னிங்ஸ் குறைவு, நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பேஸ்பால் ஆட்டத்துக்கு இரண்டு நீளங்கள் உண்டு என்பதுதான் இதற்கு விளக்கம். எத்தனை இன்னிங்ஸ் என்பது ஒன்று, ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை நிமிடம் என்பது இன்னொன்று. இரண்டையும் தீர்மானிக்கும் காரணங்கள் வேறு வேறு. ‘ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது’ என்று பொதுவாகச் சொல்லும்போது இவை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

முதலில் இன்னிங்ஸ். பேஸ்பாலின் அளவுகோல் ‘அவுட்’. ஒரு அணி மூன்று அவுட் ஆகும்வரை பேட் செய்யும், அது அரை இன்னிங்ஸ். எதிரணியும் மூன்று அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது. 9 இன்னிங்ஸ் என்றால் அணிக்கு 27 அவுட். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது பாதி பழக்கமானதுதான். ஆனால் ஒருநாள் ஆட்டத்தில் ஓவர்கள் தீர்ந்தால் விக்கெட் கையில் இருந்தாலும் இன்னிங்ஸ் முடிந்துவிடும். பேஸ்பாலில் அந்தக் கூரையே கிடையாது. கடைசி அவுட்டை எடுக்கும்வரை எதிரணி எத்தனை ரன் வேண்டுமானாலும் குவிக்கலாம்.

வெளியூர் அணி முதலில் பேட் செய்யும், உள்ளூர் அணி அடுத்து. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடிந்ததும் உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் அது பேட் செய்யவே வேண்டாம், ஆட்டம் அங்கேயே முடிந்தது. சமனிலோ பின்தங்கியோ இருந்து, பேட் செய்து, வெற்றி ரன்னை எடுத்துவிட்டால் அந்தக் கணமே எல்லோரும் மூட்டை கட்டலாம். ‘வாக்-ஆஃப்’ என்பது இதுதான்.

இந்த 9 என்ற எண் ஆதியிலிருந்தே வந்ததல்ல. 1840-களில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் வகுத்த விதிப்படி, முதலில் 21 ரன் எடுக்கும் அணிக்கு வெற்றி. 1857-இல்தான் 9 இன்னிங்ஸ் என்று முடிவானது. 21 ரன் விதியில் சமன் என்ற சிக்கலுக்கு அவ்வளவாக இடமில்லை. 9 இன்னிங்ஸ் என்று வரம்பு கட்டியதும் கூடவே ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது: ஒன்பதும் முடிந்து இருவரும் சமமாக நின்றால் என்ன செய்வது?

1870 ஜூன் 14 அன்று அந்தக் கேள்வி பெரிய மேடையில் எழுந்தது. தோல்வியே காணாமல் வந்த சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸும் புரூக்ளின் அட்லாண்டிக்ஸும் 9 இன்னிங்ஸ் முடிவில் 5-5. டிரா போதும் என்று அட்லாண்டிக்ஸ் கிளம்பத் தயாரானார்கள். சின்சினாட்டி கேப்டன் ஹாரி ரைட் விடவில்லை, விதிப்படி தொடர்ந்து ஆடத்தான் வேண்டும் என்றார். ஆடினார்கள். 11-வது இன்னிங்ஸில் அட்லாண்டிக்ஸ் 8-7 என்று ஜெயித்தது. வேண்டிக் கேட்டு வாங்கிய தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, சமனில் நிற்கும் ஆட்டம் சராசரியாக எவ்வளவு நீளும்? கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேஜர் லீக்கில் ஓர் அணி ஓர் அரை இன்னிங்ஸில் ரன்னே எடுக்காமல் போகும் வாய்ப்பு சுமார் 73 சதவீதம். சரியாக ஒரு ரன் எடுப்பது 15 சதவீதம், இரண்டு ரன் 7 சதவீதம், மீதி அதற்கு மேல். இரண்டு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் முடித்தால் சமன் நீடிக்கும். இருவரும் பூஜ்யம் எடுக்க 0.73 × 0.73, அதாவது 53 சதவீதம். இருவரும் ஒன்று எடுக்க இன்னும் இரண்டு சதவீதம். மீதியையும் சேர்த்தால் சுமார் 56.

ஆக, ஒவ்வொரு கூடுதல் இன்னிங்ஸும் முடிவு தராமல் போக 56 சதவீத வாய்ப்பு, முடித்துவைக்க 44. கொஞ்சம் சாய்ந்த காசைச் சுண்டுவது மாதிரி. காசுக்கு நினைவு கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. 10-வது இன்னிங்ஸில் இருக்கும் ஆட்டத்துக்கும் 20-வதில் இருக்கும் ஆட்டத்துக்கும் ‘இன்னும் எவ்வளவு?’ என்ற கேள்விக்கு ஒரே பதில்: சராசரியாக இரண்டே கால் இன்னிங்ஸ். இவ்வளவு நேரம் ஆடிவிட்டோமே, இனி சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கைக்குக் கணக்கில் ஆதாரமில்லை. நிஜத்தில் வீரர்கள் களைப்பார்கள், பந்தெறியும் நல்ல பிட்சர்கள் தீர்ந்துபோவார்கள், அதனால் எண்கள் கொஞ்சம் நகரும். ஆனால் அடிப்படை இதுதான்.

56 சதவீதத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால், கூடுதல் இன்னிங்ஸுக்குப் போகும் ஆட்டங்களில் 18-வது இன்னிங்ஸைத் தொடுபவை நூற்றில் ஒன்று. 26 முடிந்தும் சமனில் நிற்பது ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒன்று. நடக்கவே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. வருடத்துக்கு 2,430 ஆட்டம், அதில் நூற்றுக்கு எட்டோ ஒன்பதோ 9 இன்னிங்ஸைத் தாண்டும் என்று வையுங்கள். இப்படி ஓர் ஆட்டம் நூற்றாண்டுக்கு ஒருமுறையாவது எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மேஜர் லீக்குக்கு வெளியே அதைவிட நீளமான ஒன்று நடந்தது. 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய இரவு, ரோட் ஐலண்டின் பாட்டக்கெட். மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள மைனர் லீக் ஆட்டம், ராச்செஸ்டர் அணி வந்திருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் பாட்டக்கெட் 1-1 என்று சமன் செய்தது. குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த பேட்களை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். 21-வது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. அப்பாடா, முடிந்தது என்றிருந்த நேரத்தில் பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் ஓர் அடி அடித்து மறுபடி சமன் செய்துவிட்டார். சக வீரர்கள் தன்னைக் கட்டிப்பிடிக்க நினைத்தார்களா உதைக்க நினைத்தார்களா என்று தனக்கே தெரியவில்லை என்று பிற்பாடு அவர் சொன்னார்.

நள்ளிரவு தாண்டி ஒரு நேரத்துக்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்று அந்த லீகில் விதி இருந்தது. அம்பயர்கள் கையில் இருந்த விதிப்புத்தகத்தில் அந்த வரி விட்டுப்போயிருந்தது. ஆகவே ஆடினார்கள். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து அவர் நிறுத்தச் சொன்னபோது அதிகாலை 4:07. 32 இன்னிங்ஸ் முடிந்திருந்தது, 2-2. மைதானத்தில் மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர். ஜூன் 23 அன்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 33-வது இன்னிங்ஸ் 18 நிமிடத்தில் முடிந்தது, பாட்டக்கெட் 3-2.

கேட்க இனிமையான கதை. ஆடுபவர்களுக்கு அப்படியில்லை. பேஸ்பாலில் ஒருவரை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. இப்போது மேஜர் லீக் அணியில் 26 பேர், அதில் பாதி பிட்சர்கள். 14, 15-வது இன்னிங்ஸ் என்று போகும்போது பந்தெறிய ஆளே இருக்காது. பேட் செய்வதற்காக எடுத்த ஆளைக் கொண்டுவந்து எறியச் சொல்வார்கள். அதோடு, ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், நாளைக்கும் ஓர் ஆட்டம் இருக்கும். இன்றிரவு கை ஓயும்வரை எறிந்தவர் நாளைக்கும் மறுநாளும் பயன்பட மாட்டார்.

2020-இல் கோவிட் காரணமாகப் பருவம் சுருங்கியபோது மேஜர் லீக் ஒரு விதியைக் கொண்டுவந்தது, 2023-இல் நிரந்தரமாக்கியது. சாஃப்ட்பாலிலும் மைனர் லீகிலும் ஏற்கெனவே இருந்ததுதான். பேஸ்பாலில் நான்கு பேஸ்களையும் (தளங்களையும்) சுற்றி வந்தால்தான் ஒரு ரன். 10-வது இன்னிங்ஸ் முதல் ஒவ்வொரு அரை இன்னிங்ஸும் இரண்டாம் பேஸில் ஒரு ஓட்டக்காரருடன் தொடங்கும். பேட் செய்ய வருபவருக்கு வரிசையில் முந்தைய ஆள் போய் அங்கே நிற்பார். அவர் எடுக்கும் ரன் பிட்சரின் சொந்தக் கணக்கில் ஏறாது. ரசிகர்கள் அவரைப் ‘பேய் ஓட்டக்காரர்’ என்கிறார்கள். உழைக்காமல் பாதி தூரம் வந்து நிற்பவர் என்பதால் எனக்கும் ஆரம்பத்தில் ஒட்டவில்லை.

கணக்கு என்னவோ கச்சிதம். இந்த விதி கடிகாரத்தைத் தொடவில்லை, இன்னிங்ஸுக்கு வரம்பு வைக்கவில்லை. காசின் சாய்வை மட்டும் மாற்றியது. யாரும் அவுட் ஆகாமல் இரண்டாம் பேஸில் ஆள் நின்றால் ஒரு ரன்னாவது விழும் வாய்ப்பு சுமார் 61 சதவீதம், சராசரி 1.1 ரன். 0, 1, 2, 3 என்று எல்லா எண்ணிக்கைக்கும் இடம் பிரிந்துவிடுவதால் இருவரும் ஒரே எண்ணில் முடிவது குறைகிறது. பழைய 56 சதவீதம் 30-க்குப் பக்கத்தில் வந்துவிடும். 12 இன்னிங்ஸ் முடிந்தும் சமன் என்பது முன்பு ஆறில் ஒன்று, இப்போது நாற்பதில் ஒன்று மாதிரி.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் பேட்டர் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட் ஆகி, ஓட்டக்காரரை மூன்றாம் பேஸுக்கு நகர்த்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓர் அவுட், மூன்றாம் பேஸில் ஆள். சராசரி ரன் 1.1-இலிருந்து 0.95-க்கு இறங்கிவிடும். ஆனால் ஒரு ரன்னாவது விழும் வாய்ப்பு 61-இலிருந்து 66-க்கு ஏறும். வெளியூர் அணிக்கு எத்தனை ரன் போதும் என்று தெரியாது, ஆகவே பெரும்பாலும் அடித்து ஆடுவதே மேல். அவர்கள் பூஜ்யத்தில் முடித்திருந்தால் உள்ளூர் அணிக்கு ஒரே ரன் போதும், அப்போது அதே மெல்லிய தட்டல் சரியான முடிவாகிவிடுகிறது. எதிரணியும் சும்மா இருக்காது. முதல் பேஸ் காலியாகத்தானே இருக்கிறது, ஆபத்தான பேட்டரை வேண்டுமென்றே இலவசமாக அங்கே அனுப்பிவிடும்.

இப்படி மாறி மாறித் தடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஆகஸ்டில் டாட்ஜர்ஸும் சான் டியாகோ பாட்ரேஸும் ஆடியது சாட்சி. ஒன்பது முடிவில் 1-1. இலவச ஓட்டக்காரர் ஒவ்வொரு முறையும் வந்து நின்றும் 10 முதல் 14 வரை ஒருவரும் ரன் எடுக்கவில்லை. 15-வதில் இரு அணியும் தலா இரண்டு. 16-வதில் டாட்ஜர்ஸ் 5-3. ஜப்பானில் இந்தத் தலைவலியே இல்லை. தொழில்முறை லீகின் பருவ ஆட்டங்களில் 12 இன்னிங்ஸ் வரை ஆடிப் பார்ப்பார்கள், அப்போதும் சமன் என்றால் டிரா என்று எழுதிவிட்டுக் கிளம்புவார்கள்.

இனி இரண்டாவது நீளம். 1920 ஆட்டத்தில் ஒரு இன்னிங்ஸுக்கு 9 நிமிடம்கூட ஆகவில்லை. 2018-இல் 24 நிமிடத்துக்கு மேல். 1919-இல் நியூயார்க் ஜயன்ட்ஸும் பிலடெல்பியா பில்லீஸும் 9 இன்னிங்ஸை 51 நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள். 1920-இல் புரூக்ளினின் லியான் கடோர், பாஸ்டனின் ஜோ ஒஷ்கர் என்ற இரண்டே பிட்சர்கள் 26 இன்னிங்ஸையும் எறிந்தார்கள், ஆள் மாற்றமே கிடையாது. இன்றைக்கோ இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் வருகிறார், ஒவ்வொருவரும் வந்து எறிந்து பழகுகிறார், இடையில் விளம்பரம். பேட்டர்கள் பொறுமையாகப் பந்தைப் பார்த்து விடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே கையுறையைச் சரிசெய்வது, பந்தெறியும் மேட்டைச் சுற்றி நடப்பது என்று போகும் சும்மா நேரம். 2021-இல் 9 இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி 3 மணி 10 நிமிடத்தைத் தொட்டுவிட்டது.

2023-இல் பந்துகளுக்கு நடுவே ஓடும் கடிகாரமான பிட்ச் கிளாக் வந்தது. பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் எறிய வேண்டும், ஆள் இருந்தால் 20 (மறு வருடம் 18 ஆக்கினார்கள்). பிட்சர் தாமதித்தால் அவருக்கு எதிராக ஒரு ‘பால்’ (நான்கு சேர்ந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்), பேட்டர் தாமதித்தால் ஒரு ‘ஸ்டிரைக்’ (மூன்று சேர்ந்தால் அவுட்). முந்தைய வருடம் 3 மணி சொச்சமாக இருந்த சராசரி 2 மணி 40 நிமிடத்துக்கு வந்தது. ஓர் ஆட்டத்தில் சுமார் 300 பந்து. பந்துக்கு ஐந்து விநாடி மிச்சம் பிடித்தாலே 25 நிமிடம் கிடைத்துவிடும். ஒரு விதி காசின் சாய்வை மாற்றியது, இன்னொன்று காசைச் சுண்ட ஆகும் நேரத்தைக் குறைத்தது.

ஆனால் பருவம் முடிந்து சாம்பியனுக்காக ஆடும் அக்டோபர் ஆட்டங்களில் இரண்டாம் பேஸில் இலவச ஆள் கிடையாது. கிளாக் உண்டு, பேய் இல்லை. 2025 அக்டோபர் 27 அன்று வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸும் டொரான்டோ புளூ ஜேஸும் 5-5 என்று சிக்கிக்கொண்டு அந்தப் பழைய 56 சதவீதக் காசையே சுண்டிக்கொண்டிருந்தார்கள். டாட்ஜர்ஸின் பிட்சர்கள் வரிசையாகத் தீர்ந்து, கடைசியில் வில் கிளைன் வந்தார். அவர் நான்கு இன்னிங்ஸில் 72 பந்து எறிந்து ஒரு ரன்கூட விடவில்லை. 18-வதில் ஃபிரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். 6 மணி 39 நிமிடம். மறுநாள் அதே மைதானத்தில் அடுத்த ஆட்டம் இருந்தது, அதை புளூ ஜேஸ் 6-2 என்று ஜெயித்தார்கள், ஒன்பதே இன்னிங்ஸில்.